ஆடி மாதமும் பக்கம் பதினாலும்

1991 ஜூலை 7, ஞாயிறு

புது ஃபேக்டரியிலிருந்து வேலைக் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. பெர்சனல் ஆபிஸில் சீனியர் கிளார்க். இப்போதையதைவிட நல்ல சம்பளம், எங்கள் கெலுகோரிலிருந்து ஒரே பஸ். பதினாறாம் தேதி சேரலாம் என்று போட்டிருக்கிறார்கள். கடிதத்தைப் படித்தவள் நான். தீர்ப்புச் சொன்னது பஞ்சாங்கம்.

பதினாறு செவ்வாய்க்கிழமையாம், கூடாதாம். பதினேழு ஆடி ஒன்று, கேட்கவே வேண்டாம். "ஆடியில போய் யாராச்சும் புது வேலைல சேருவாங்களா? ஆவணி பொறக்கட்டும்லா," என்றார் என் கணவர் நாகநாதன். கோயில் கமிட்டிச் செயலாளரைக் கட்டிக்கொண்டால் நாள் பார்ப்பது இலவசம். பிழைப்புக்கு ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். சிவப்பு விளக்குக்குக்கூட இவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

மே மாத ஸ்கேனில் தெரிந்த அவர் பித்தப்பைக் கல்லையாவது என் இப்போதைய கம்பெனி மெடிக்கல் கார்டு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். அதற்கும் நாள் சரியில்லை. முதலில் திருவிழா, பிறகு திருவிழாக் கணக்கு. "கல்லு எங்கேயும் ஓடிப்போகாது," என்கிறார். அதுதானே என் பயமும்.

ஜூலை 8

புது மேனேஜர் மிஸ்டர் ஊய்க்குப் போன் செய்து ஆகஸ்ட் பத்தொன்பது கேட்டேன். மனிதர் சிரித்தார். "அப்ப எங்க சீனப் பேய் மாசம் ஆச்சே, அருந்ததி. பரவாயில்லையா?" என் வீட்டில் அது லிஸ்டில் இல்லை என்றேன். எல்லா இனத்துப் பேய்க்கும் ஒதுங்கி வழிவிட்டால் பினாங்கில் வருடத்துக்கு மூன்று நாள்தான் வேலை நடக்கும். தள்ளிச் சேருவதற்குக் காரணத்தை எழுதிக் கேட்டார். 'சமயக் காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

கடைசி நாள். பதினொரு வருடத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மெடிக்கல் கார்டை நான் இத்தனை நாள் உட்கார்ந்த இன்சூரன்ஸ் கவுண்டரிலேயே ஒப்படைத்து, ரத்து என்ற முத்திரையை நானே குத்தினேன்.

உற்பத்தி லைனிலிருந்து லெட்சுமி வந்து கைகொடுத்தாள். பைராம் தோட்டத்திலிருந்து தினமும் ஃபேக்டரி பஸ்ஸில் பாலம் தாண்டி வருகிறவள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் புருஷனின் குடலிறக்க ஆபரேஷனுக்கான விண்ணப்பப் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான். அவள் அம்மா செத்துப்போனதில் பழைய வேலைக்கும் எங்கள் வேலைக்கும் நடுவே நாற்பது நாள் விழுந்துவிட்டது. முப்பதைத் தாண்டினால் ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு ஒரு வருடம் இன்சூரன்ஸ் கிடையாது. "புக்லெட்டைப் படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அழுதாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அதெல்லாம் மனதில் வைக்காமல் இன்றைக்குக் கைகொடுத்தாள், நல்ல பெண்.

ஆகஸ்ட் 1

ஆடி பதினாறு. வீட்டில் சும்மா இருக்கிறேன். கெட்டது எதுவும் நடக்கவில்லை, என் சமையலைத் தவிர.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆபிஸ் எட்டு மணிக்கு. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை. அதற்கு முன் கேட்டைத் தாண்டினால் சேர்ந்த மாதிரியாம். ஏழு மணிக்கே வேனில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போய்விட்டார். உள்ளே பிள்ளைகள் வேறு, எல்லாரும் எனக்குக் கையாட்டினார்கள். சுவரோரம் பேய் மாதத்துக்கு யாரோ கொளுத்திவைத்த பத்திகளின் புகையில் இருமிக்கொண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுபமான ஆரம்பம்.

மெடிக்கல் புக்லெட் கொடுத்தார்கள், இருபத்துநான்கு பக்கம். மேசை இழுப்பறையில் போட்டேன். பதினொரு வருடம் இதையே ஊருக்கு ஒப்பித்தவள் நான், எனக்கா?

செப்டம்பர் 11

நேற்று சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தவர் வாசலிலேயே மடிந்து உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை, பேச்சே வரவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஊசி போட்டதும் அடங்கியது. இனித் தள்ளக்கூடாது, அடுத்த தடவை இப்படி ஊசியில் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவை ஏற்பதாகக் கம்பெனியிலிருந்து உத்தரவாதக் கடிதம் வந்தால் அடுத்த வாரமே ஆபரேஷன்.

பயந்துபோனேன். இந்த மனிதரைத் திட்டாமல் நான் என்ன செய்வேன்?

செப்டம்பர் 13

உத்தரவாதக் கடிதம் தயார் செய்வது எனக்கு அடுத்த மேசை ரொஸ்னா. இருபத்திரண்டு வயது, இன்னும் என்னிடம் வேலை கற்றுக்கொள்கிறாள். பாரத்தை வாங்கினாள், என் ஃபைலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "மாஃப் லா, அக்கா. பக்கம் பதினாலு," என்றாள். மன்னிக்கணுமாம்.

அதே முப்பது நாள். என் கணக்கில் முப்பத்துநான்கு. ஒவ்வொரு நாளாக விரலை வைத்து எண்ணிக் காட்டினாள். எண்ணுவதற்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத்தான் விதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 20

மிஸ்டர் ஊய் எனக்காகக் கெஞ்சி எழுதினார். நெருப்பு, விபத்து, மரணம் மாதிரி ஏதாவது காரணம் இருந்ததா என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள். ஃபைலிலிருந்து என் கடிதத்தையே எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. சமயக் காரணம். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. இரண்டே வரியில் பதில் வந்துவிட்டது: முடியாது.

தனியாரில் சொந்தச் செலவில் செய்வதென்றால் வேனை விற்க வேண்டும். வேனை விற்றுவிட்டு என்னத்தை ஓட்டுவார்?

செப்டம்பர் 22, ஞாயிறு

சண்டை. பெரிய சண்டை.

"நல்லதுக்குத்தானே சொன்னேன்," என்றார். நல்லதா? எது நல்லது? யாருக்கு நல்லது? ஆடி மாசம் என்னைப் புடிச்சுக்கும்னு பயந்தீங்களே, புடிச்சது உங்க பித்தப்பையைத்தானேன்னு கத்தினேன். பஞ்சாங்கத்தை எடுத்து அலமாரிக்குப் பின்னால எறிஞ்சேன். அவர் வலதுபக்கம் கையை வெச்சு அழுத்திக்கிட்டு உக்காந்திருந்தார்.

சரின்னு தலையாட்டினது யாரு? நாந்தானே.

செப்டம்பர் 26

அரை நாள் லீவு போட்டு, மூன்று மணி ஷிப்ட் விடும்போது பழைய ஃபேக்டரி கேட்டில் போய் நின்றேன். லெட்சுமியின் புருஷனுக்கு அப்புறம் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன் நடந்தது என்று எப்போதோ கேள்விப்பட்டது. அங்கே எதற்கு எங்கே நிற்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. பதினொரு வருடமாகக் கார்டு வைத்தே பழகியவள்.

முழுக்கதையையும் சொன்னேன். ஆடி, செவ்வாய், முப்பத்துநான்கு நாள், ஒன்றையும் விடவில்லை. பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது, அவள் அசையவில்லை. கடைசியில் கேட்டாள்: "புக்லெட்டைப் படிச்சுப் பாத்தீங்களாக்கா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளும் அதற்குமேல் நிற்கவிடவில்லை. என் டைரியைப் பிடுங்கி எழுதிக்கொடுத்தாள்: காலை ஆறு மணிக்கே நம்பர் எடுக்கணும், ஸ்கேன் படத்தை மறக்கக்கூடாது, மிஸ்ஸியிடம், அதான் நர்ஸிடம், தன்மையாகப் பேசணும். "தன்மையாக்கா," என்று இரண்டு தடவை சொன்னாள். என்னைப் பற்றி நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள்.

சண்டையில் எறிந்த பஞ்சாங்கம் இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான் கிடக்கிறது.

அக்டோபர் 3

நம்பர் 41. தன்மையாகப் பேசினேன். டாக்டர் நிதானமாகப் பார்த்தார், வரிசைப்படி தேதி எழுதி அனுப்புவார்கள்.

நவம்பர் 5

தீபாவளி. அவருக்குக் கஞ்சி. ஆட்டுக்கறி வாசம் பிடித்துக்கொண்டே குடித்தார். நானும் கஞ்சியே குடித்தேன். எனக்கென்ன வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம், சமயக் காரணம் என்றேன்.

நவம்பர் 15

கடிதம் வந்துவிட்டது. இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. அவர் சுவர்க் காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றார். நானும் போய்ப் பார்த்தேன். அஷ்டமி. இரண்டு மணி ராகு காலத்துக்கு நட்டநடு. இதைவிட மோசமான நேரத்தைத் தேடிப்பிடிப்பதென்றால் ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு ஜோசியர் வைத்திருக்க வேண்டும்.

தள்ளிப்போடலாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "வேனுக்கு அன்னிக்கு வேற டிரைவர் பாக்கணும்," என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 28

இரண்டு பத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நாலரைக்குத் திரும்பி வந்தார். நன்றாக நடந்ததாம். அரை மயக்கத்தில் மணி எத்தனை என்று கேட்டார். ராகு காலம் முடிந்துவிட்டது, தூங்குங்கள் என்றேன். அதற்கப்புறம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிடம் நன்றாக அழுதேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

தையல் பிரித்தாயிற்று. பதினேழு கல், ஒரு சின்னப் பாட்டிலில். சாமி மேடையில் வைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். டிவி மேல் இருக்கிறது.

லெட்சுமியும் புருஷனும் மோட்டார்சைக்கிளில் பப்பாளியோடு வந்தார்கள். எங்கள் புது ஃபேக்டரியில் அவளுக்கு லைன் லீடர் வேலை கிடைத்திருக்கிறது. நான் சிபாரிசு எதுவும் செய்யவில்லை, பாரத்தைச் சரியான மேசையில் வைத்தேன், அவ்வளவுதான். பழைய இடத்தில் இந்தச் சனிக்கிழமை கடைசி நாள். "பதினாறாம் தேதியே வரச் சொல்றாங்கக்கா. அன்னிக்கு மார்கழி பொறக்குது. தை பொறக்கட்டுமே, பொங்கல் கழிச்சு வர்றேன்னு சொல்லவா? இவருக்கும் இப்ப சர்க்கரை இருக்கு, எல்லாம் நல்லபடியா ஆரம்பிக்கணும்ல."

என்னை வாய் திறக்க விடவில்லை. சாய்வு நாற்காலியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்தார் கோயில் கமிட்டிச் செயலாளர். கையில் எங்கள் கம்பெனி புக்லெட், சிவப்புப் பேனாவில் அடிக்கோடு. இப்போதெல்லாம் அதை வைத்திருக்கும் என் கைப்பையிலிருந்து எப்போது எடுத்தாரோ!

"பதினாறாம் தேதியே போய்ச் சேரும்மா," என்றார். "பொங்கல் வரைக்கும்னா முப்பத்திரண்டு நாள் ஆயிடும். நான் எண்ணிட்டேன்."