உன் தாத்தா ஒன்றாகத் திறந்த இரண்டு கடிதங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடும்படியாக இருக்கிறோம், இந்த வயதுக்கு அதுவே போதும். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் சொட்டு மருந்து பாட்டிலைப் பார்த்தாலே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார், ஒரு நாளைக்கு நாலு தடவை அவரைத் துரத்திப் பிடிப்பதுதான் எனக்கு உடற்பயிற்சி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் நீ மூன்று முறை போன் பண்ணினாய், மூன்று முறையும் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன், கோபமாக இருப்பாய். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றும் இருந்தது, போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன், மீதியை உன் மாமா அவன் இஷ்டத்துக்கு உனக்குச் சொல்லுவான். அதனால்தான் காகிதம். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

கல்லூரியில் முப்பத்தைந்து வருடம் சரித்திரம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் வீட்டில் சும்மா கிடக்காமல் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வருகிறேனே, அங்கே எண்பது வருடம் மூடி வைத்திருந்த போர்க்காலக் கோப்புகளைப் போன வருடம் திறந்தார்கள். திறந்ததும் ஒரு மனு வந்தது. போர் நடந்தபோது துறைமுகத்துக்கு எதிரே சின்னக் கடை வைத்திருந்த கடிகாரக்காரர் ஒருவரைக் கப்பல் நேரங்களை எதிரிக்கு எழுதி அனுப்பினார் என்று சொல்லித் தூக்கில் போட்டிருக்கிறார்கள். துறைமுக அலுவலக வாசலில் துரோகிகள் என்று தலைப்புப் போட்ட பலகையில் அவர் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. அவர் தூக்கில் தொங்கின பிறகு பிறந்த மகளுக்கு இப்போது எண்பது வயது, மனு கொடுத்தது அவர்தான். அந்தப் பெண்மணியின் பேத்தி துறைமுக வேலைக்குப் பரீட்சை எழுதி முதலாவதாக வந்திருக்கிறாள், விசாரணைப் படிவத்தைப் பார்த்துவிட்டு இந்தக் குடும்பத்து ஆளை உள்ளே விட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். செத்தவர் செய்தாரா இல்லையா என்பதைக் கோப்புகளைப் படித்துச் சொல்லும்படி மனுவை விசாரிக்கும் குழு என்னிடம் கொடுத்தது. ஒரு மாதத்தில் முடித்துவிட்டு உன்னிடம் வந்து குட்டிப்பயலோடு இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன், மூன்று மாதமாகிவிட்டது.

அந்தக் காலத்தில் தபால் நிலையத்து மாடியில் ஓர் அறை இருந்திருக்கிறது. கதவில் பழுதுபட்ட தபால் பிரிவு என்று எழுதியிருக்கும். உள்ளே நடந்தது வேறு. ஊரை விட்டு வெளியே போகும் கடிதங்களைக் கெட்டில் ஆவியில் காட்டி, ஒட்டின மடிப்பைப் பெயர்த்து, உள்ளே இருப்பதை வார்த்தைக்கு வார்த்தை கையால் நகல் எடுத்துக்கொண்டு, மறுபடி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். நகலின் தலைப்பில், மறுபடி ஒட்டும்போது உறையைப் பார்த்து எழுதின பெயரும் விலாசமும், அடியில் நகல் எடுத்த ஊழியரின் எண். ஊழியருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். கடிகாரக்காரர் பெயரிட்ட நகலில் எந்தக் கப்பல் எப்போது வரும், எதில் என்ன சரக்கு என்று வரிசையாக இருந்தது. துறைமுகத்தில் குண்டு விழும் என்று பயந்து கர்ப்பிணி மனைவியை அவளுடைய அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தாராம், உறையில் அவள் விலாசம். அந்த அம்மாள் கடிதம் கைக்கு வந்ததும், இது என் வீட்டுக்காரர் எழுத்தே இல்லை, யாருடையதோ மாறி வந்திருக்கிறது என்று தானே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கடிதம் வந்துசேர்ந்ததற்கு அதையே சாட்சியாக்கிவிட்டார்கள். எழுத்து வேறாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிறவனுக்குக் கை சொன்னபடி கேட்கும், எந்த எழுத்து வேண்டுமானாலும் எழுதுவான் என்று தீர்ப்பில் இருக்கிறது.

எனக்கு விஷயம் பிடிபட்டது அடுத்த கோப்புக்கட்டைப் பிரித்தபோது. துறைமுகத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கியின் மேற்பார்வையாளர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் தன் சகோதரருக்கு எழுதினதாக ஒரே ஒரு நகல், அதே தேதி, அதே ஊழியர் எண் ஒன்பது. உள்ளே பார்த்தால் கொல்லை ஜன்னலின் கொக்கி போய்விட்டது, வயிற்றில் இருப்பது இன்னும் உதைக்கிறதா, படி ஏறாதே என்று எழுதியிருக்கிறது. கல்யாணமே ஆகாத மனிதர் சகோதரரைப் பார்த்துப் படி ஏறாதே என்கிறாரே என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், வாசிப்பறைப் பொறுப்பாளர் நிமிர்ந்து பார்த்து முறைத்தாள். அதற்கப்புறம்தான் புரிந்தது. இரண்டு கடிதத்தையும் ஒன்றாகத் திறந்திருக்கிறார்கள், திருப்பி வைக்கும்போது உறை மாறிவிட்டது. கப்பல் கணக்கு எழுதினவர் கிட்டங்கிக்காரர். அவர் வயதாகிப் படுக்கையில் செத்தார், அவருக்கென்று இன்று யாரும் இல்லை, கோபப்படுவதற்கும் ஆள் மிச்சமில்லை.

ஒரே ஓர் ஆளைத் தவிர. அம்மாடி, இந்த வரியை மூன்று நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். அந்த ஒன்பதாம் எண் உன் தாத்தா. என் அப்பா. எண்ணை வைத்து நான் கண்டுபிடிக்கவில்லை, ஊழியர் பட்டியலைப் போர் முடிந்த வாரமே அவர்கள் எரித்துவிட்டார்கள். எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்த கை எனக்குத் தெரியாதா. போரின்போது தபால் ஆபீசில் கிழிந்த கவர் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று அவர் உயிரோடு இருந்தவரை சொன்னதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். வீட்டுக்குத் தபால் வந்தால் அவர் பண்ணின கெடுபிடி உனக்கு நினைவிருக்கும், ஒன்றைப் பிரித்துப் படித்து மறுபடி அதன் உறைக்குள் வைக்கிற வரைக்கும் அடுத்ததை யாரும் தொடக்கூடாது. உன் பத்தாவது பிறந்தநாளுக்கு வந்த வாழ்த்து அட்டைகளையெல்லாம் மொத்தமாகப் பிரித்துப் போட்டாய் என்று உன்மேல் கை ஓங்கிக்கொண்டு வந்தாரே, குழந்தையை ஒரு நாளும் அடிக்காத மனிதர். கிழவருக்குக் கிறுக்கு என்று சிரித்தோம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்பதாம் எண் தன் மேலதிகாரிக்கு ஒரு சீட்டு எழுதியிருக்கிறார். அன்றைக்கு நாலு பேருக்கு ஒரே கெட்டில்தான் இருந்தது, தண்ணீர் ஆறிவிடும் என்று இரண்டு உறையை ஒன்றாகக் காட்டினேன், உள்ளே இருந்தவை மாறியிருக்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. அதிகாரி ஓரத்தில் "பார்த்தேன், கோப்பில் வை" என்று கிறுக்கியிருக்கிறார். தப்பை ஒப்புக்கொண்டால் ஊரார் கடிதத்தைப் பிரிப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே. கோப்பில் வைத்தார்கள். அதற்குப் பிறகு கடிகாரக்காரர் நாற்பத்து மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறார். நாற்பத்து மூன்று நாளும் என் அப்பா அதே மாடிப்படி ஏறி அதே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார், வருகைப் பதிவில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. ஒரு தடவை சொன்னார், இரண்டாவது தடவை சொல்லவில்லை. இருபத்திரண்டு வயது, பயந்திருப்பார், எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை.

உன் மாமாவுக்கு முதலில் சொன்னேன். "அக்கா, அந்தச் சீட்டை எடுத்த எடத்துலயே வெச்சுடு, இன்னும் நூறு வருஷத்துக்கு எவனும் தொறக்க மாட்டான்" என்றான். மறுநாள் கூப்பிட்டு, "அப்பாதான் அப்பவே சொல்லிட்டாரே, அந்த ஆபீசுல அவர் ஒரு எடுபிடி, இன்னும் என்ன பண்ணியிருக்கணும்ங்கறே?" என்றான். அதற்கும் மறுநாள், எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் ஒன்பதாம் எண் என்று மட்டும் போடு, பெயர் எதற்கு என்றான். நானும் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன், உன்னிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் துறைமுகத்தின் வக்கீல் குழுவின் முன்னால் எழுந்து, கையொப்பமில்லாத சீட்டு, இதை யார் வேண்டுமானாலும் எழுதிச் செருகியிருக்கலாமே, எழுதின ஆள் யார், அவர்தான் எழுதினார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் வாயைத் திறக்காவிட்டால் மனு அதோடு தள்ளுபடி. கடிகாரக்காரர் பெயர் பலகையிலேயே இருக்கும், பேத்திக்கும் வேலை கிடையாது. அந்த எழுத்து இன்னாருடையது என்று சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான். அது என் அப்பாவின் எழுத்து என்று சொல்லிவிட்டேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க அவர் எழுத்து வேண்டுமென்றார்கள். உன் மாமா தன்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்றான், அவன் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சண்டை போடத் தெம்பில்லை. அதனால் உன் அறைக்குள் போய், தாத்தா உனக்கு ஹாஸ்டலுக்கு எழுதின கடிதக் கட்டைப் பிரித்து மூன்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அப்புறமும் நான் எடுத்திருப்பேன், அதைவிட இது பரவாயில்லை என்று நினைத்தேன். அவை இனி அந்தக் கோப்பிலேயே இருக்கும், திரும்பி வராது. எண்பது வயதிலும் நடுங்காத கை, சரிபார்க்க அவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என்மேல் உனக்கு என்ன கோபம் வந்தாலும் அது நியாயம். உன் பிள்ளைக்கு அவர் பெயரை ஆசை ஆசையாக வைத்திருக்கிறாய், அதை மாற்று என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை ஓடின தாத்தாவும் இவர்தான், அதையும் யாரும் அழிக்க முடியாது. விவரம் தெரிகிற வயதில் பையனுக்கு இரண்டையும் சொல்லிவிடு.

அறிக்கையைக் குழு ஏற்றுக்கொண்டது. பெயரைப் பலகையிலிருந்து எடுக்கிறார்கள், அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை மறுபடி வாங்கிக்கொள்கிறார்கள். அதைச் சொல்வதற்காக நேற்று மத்தியானம் கடிகாரக்காரர் மகள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, ஒவ்வொரு படியிலும் முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினேன். கட்டிலில் படுத்திருந்தார், மெலிந்த உடம்பு, காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. குழுவின் முடிவைச் சொன்னதும் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அவர் கேட்டது வேறு. "எங்கப்பா நெஜமா எழுதின லெட்டர் என்னாச்சு?" என்றார். அசல் கிட்டங்கிக்காரரின் சகோதரருக்குப் போய்விட்டது, நகல் இருக்கிறது என்று சொல்லி என் பையிலிருந்து அதன் ஜெராக்ஸ் பிரதியை எடுத்தேன். கண் மங்கல், நீயே படி என்றார். படித்தேன். ஜன்னல் கொக்கி, டாக்டர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் மூன்று தடவை பிரித்தும் பதினொன்றரைக்கே நிற்கிறது, படி ஏறாதே. கடைசியில், பெண் பிறந்தால் தயவுசெய்து என் அம்மா பெயரை மட்டும் வைத்துவிடாதே, கூப்பிட்டால் வாய் வலிக்கும் என்று எழுதியிருந்தார். கிழவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். அந்தப் பெயரைத்தான் அவருக்கு வைத்திருக்கிறார்கள், எண்பது வருடமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்.

சிரிப்பு அடங்கினதும் காகிதத்தைக் கையில் வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இது யார் எழுத்து, இவ்ளோ அழகா இருக்கு?" என்றார். என் அப்பாவுடையது என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கெட்டில், சீட்டு, நாற்பத்து மூன்று நாள். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "இது எங்கிட்டயே இருக்கட்டும். நீ இனிமே வர வேண்டாம்" என்றார். சரி என்று எழுந்தேன். கதவைத் திறக்கும்போது, "ஒண்ணு மட்டும் கேக்கறேன், உங்கப்பா ராத்திரியில தூங்குவாரா?" என்றார். என்ன பதில் அவருக்கு வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தூங்கவே இல்லை, கடைசி வரை தவித்தார் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும், எனக்கும்தான். ஆனால் உன் தாத்தா படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுவார், உனக்கும் தெரியும். தூங்கினார், நன்றாகத் தூங்கினார் என்றேன். அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி வந்தேன்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, வேறொன்றுமில்லை. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக, நீண்ட நாள் இருக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை செய்தித்தாளில் தாத்தாவின் பெயர் வரும், யாராவது அனுப்பிவைத்தால் அதிர்ச்சியாகாதே. இதைப் படித்ததும் போன் பண்ணு. திட்டுவதாக இருந்தாலும் பண்ணு, நான் எடுப்பேன்.

உன் அம்மா