டொங்குரிக்கு நீ அனுப்பிய வெள்ளைப் பெட்டி

கமோ,
மழைக்காலம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள கனாயேவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே டொரொண்டோவில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் புத்தர் மாடத்தில் சோறு வைத்துக் கும்பிடுகிறேன், உன்மேல் இவ்வளவு கோபம் இருந்தும் அதை நிறுத்தவில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டுவிட்டது, துவைத்த துணி காய்வேனா என்கிறது, அப்பாவுக்கு முழங்கால் வலி. எங்கள் நலம் இவ்வளவுதான். போனில் பேசினால் நீ மூக்கைச் சிந்துவாய், நான் இளகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படி.

டொங்குரி போய்விட்டான் என்று அப்பா சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் முழுங்கியதை நான் சொல்கிறேன். அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று நான் உன்னிடம் போனில் சொன்னேன் அல்லவா, "வயசாச்சுல்லம்மா, மனச தயார்படுத்திக்கோங்க" என்றாய். சரி, பெண் ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த வாரமே வாசலில் கூரியர்க்காரர் ஒரு பெரிய பெட்டியோடு நிற்கிறார், மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்திருக்கிறார் போல, இடுப்புவரை குனிந்து, "மனசத் தேத்திக்கோங்கம்மா, பாவம், வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்திருப்பீங்க" என்கிறார். யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தலை சுற்றியது. பிரித்தால் வெள்ளை வெளேரென்று நாய்களுக்கென்றே செய்த சவப்பெட்டி! உள்ளே வழவழவென்று நைலான் துணி, லேஸ் வைத்த தலையணை, பிளாஸ்டிக் பூ, மூடியில் தங்க எழுத்தில் டொங்குரியின் பெயர். செத்தவன் என்று நீ முடிவு கட்டியவன் என் காலுக்கு நடுவில் புகுந்து வந்து, பெட்டியை முகர்ந்து பார்த்து, காலைத் தூக்கி அதன்மேல் ஒன்றுக்கு அடித்தான். கூரியர்க்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அடடா, இவர்தானாம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடியே போய்விட்டார். எதிர்வீட்டு சகாவே அம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்தான்" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏண்டி, உனக்கு நான் என்ன சொல்லி வளர்த்தேன்? சாவு வீட்டில் வைக்கிற பண நோட்டுகூடப் புதுசாக இருக்கக் கூடாது, எப்போது போவார் என்று எடுத்து வைத்துக் காத்திருந்தது போல ஆகிவிடும் என்று நாம் மடித்துக் கசக்கிக் கொடுக்கிற ஊர் இது. உன் தாத்தா போனபோது அந்த நோட்டைக் கசக்கியதே நீதான். அந்தக் கையால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற உயிருக்குப் பெட்டி ஆர்டர் போட்டாயே! போதாததற்கு அப்பாவுக்கு, "பெட்டி பிடிச்சிருக்கா?" என்று ஒரு செய்தி வேறு. பாவம் அவர், "அழகா இருக்கு" என்று பதில் போட்டார். அந்த மனுஷனுக்கு உன்னைக் கடிந்து பேசத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்கப்புறமும் டொங்குரி இருந்தான். பெட்டியைப் பின்கட்டுக் கொட்டகையில் போட்டுப் பூட்டினேன், அவன் கண்ணில் படக் கூடாது என்று. வேகவைத்த சர்க்கரைவள்ளியை மசித்துக் கொடுத்தால் நாலு வாய் நக்குவான். போன செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா மடியில் தலை வைத்திருந்தவன் அப்படியே போனான். எரிக்க வேண்டாம், சீமைப்பனிச்சை மரத்தடியில் வைப்போம் என்றார் அப்பா. சரி, வந்ததுதான் வந்தது, பிள்ளை ஆசையாக அனுப்பியதை வீணாக்குவானேன் என்று அவரே கொட்டகையைத் திறந்து அந்த வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்து அவனை உள்ளே படுக்க வைத்தார். கனாயே, அவன் அதில் காணாமல் போய்விட்டான். தலைக்கு மேல் இவ்வளவு இடம், காலுக்குக் கீழே இவ்வளவு இடம். தூக்கினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளுகிறான். பெட்டி செய்தவர்களிடம் நீ சொன்ன அளவு சரிதான், அது நீ விட்டுவிட்டுப் போன டொங்குரியின் அளவு, பூனையைத் துரத்திக்கொண்டு கோயில் படியெல்லாம் ஏறியவனுடையது. ஐந்து வருஷமாக நீ வரவில்லை. அவன் இளைத்து இளைத்து முயல்குட்டி மாதிரி ஆனது உனக்கு எப்படித் தெரியும்? அதுவும் அந்த நைலான், அவன் மண்ணோடு மண்ணாகப் போன பின்னும் அப்படியே கிடக்குமாம்.

அப்போதுதான் நான் மாடிக்குப் போனேன். உன் பீரோ தெரியுமல்லவா, நீ பிறந்தபோது அப்பா நட்டு, நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம் வெட்டி, தச்சரிடம் கொடுத்துச் செய்த கிரி மரப் பீரோ, கல்யாணத்துக்கு உன்னோடு வர வேண்டியது. கல்யாணமே முடிந்த பிறகுதான் எங்களுக்குப் போனில் சொன்னாய், பீரோ இங்கேயே நிற்கிறது. அதன் அடி இழுப்பறையில் இருந்த உன் கிமோனோவை எடுத்துக் கட்டில்மேல் போட்டுவிட்டு இழுப்பறையை உருவினேன். அப்பா பதறிப்போய், "அடியே, அது அவ கல்யாணச் சீர்டி! அதுல போயா நாயை வைப்பே?" என்று கத்தினார். "நாயா? ஸ்கூல் பையில ஒளிச்சுக் கொண்டுவந்து அவ நம்ம தலையில கட்டினவன். அவ பேர்ல இருக்கிற மரத்துல அவனுக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கு?" என்று நானும் கத்தினேன். பிறகு அவரே பீரோவின் முதுகுப் பலகையை அறுத்து மூடி போட்டார். பஸ் ஓட்டின கை, ஆணியெல்லாம் கோணல். டொங்குரி அதில் கச்சிதமாக இருந்தான், சுருண்டு படுக்கிற மாதிரியே. உன் பழைய பள்ளிக்கூட மப்ளரைத்தான் விரித்தேன்.

இப்போது உன் பீரோ அடிப்பல் விழுந்தது போல நிற்கிறது. வேறு இழுப்பறை செய்து தரட்டுமா என்று தச்சர் கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். நீ வந்து பார்க்கிறவரை அப்படியே இருக்கட்டும். உன் வெள்ளைப் பெட்டி வீணாகவில்லை, வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளையிடமும் சொல்.

இன்னும் ஒன்று, இதை மட்டும் மறக்காதே. அப்பா பெல்ட்டில் புதுசாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். என் பழைய செருப்பு எனக்கே பெரிதாகிவிட்டது. எங்களுக்கும் ஒருநாள் பெட்டி வேண்டியிருக்கும், அப்போது ஞாபகத்தில் இருந்து அளவு சொல்லிவிடாதே. அதற்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போ.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தில் குளிர் படாமல் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

கோபம் இன்னும் தீராத உன் அம்மா,
தொமிகோ