பர்னருக்கு ஓர் ஊக்கு

அன்பு மனைவிக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலம்தானே? கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம். ஓட்டலில் கேஸ் கிரில் குப்பென்று பிடித்து, புருவம் கொஞ்சம் பொசுங்கிவிட்டது. பயப்படாதே, முளைத்துவிடும். அதுவரை வீடியோவில் கூப்பிடாதே.

பர்னர் துருப்பிடித்துப்போயிற்று. அந்த மாடலுக்கு இப்போது பாகமே வருவதில்லையாம். பழைய இரும்புக் கடையில் ஒன்றைத் தேடிப் பிடித்து, நானே அறுத்துப் பொருத்தினேன். எரிந்தது. முதலாளி தோளில் தட்டினார். "உன்னை விட்டா இதை யாரு பார்ப்பா? லீவெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். பிரசவத்துக்கு உன் அண்ணனைக் கூட இருக்கச் சொல்.

பர்னர் துளை அடிக்கடி அடைக்கிறது. குத்திவிட ஊக்கு அனுப்பு. புதிது வேண்டாம், உன் வளையலில் தொங்குமே, அதையே அனுப்பு.

கிரில் அணைந்துவிட்டதாம், கத்துகிறார்கள்.

உன் கணவன்