உப்பிப்போன ரப்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். உங்கள் தம்பியும் நலம்தான். நெற்றியில் ஆறு தையல், தோளில் வீக்கம், அவ்வளவுதான். பதறாதீர்கள்.

மாமாவின் பட்டறைக்குக் கூரை மடங்கும் கார்கள் வருமே, அவற்றின் கூரை ஓர ரப்பர்களைத் துடைத்து சிலிக்கோன் எண்ணெய் தடவினால்தான் மழைநீர் உள்ளே இறங்காது. போன மாதம் உதவுவதாக நினைத்து, ஒரு காருக்கு நான் இன்ஜின் கிரீஸைத் தடவிவிட்டேன். அது ரப்பரை உப்ப வைக்கும் என்று எனக்குத் தெரியாது.

நேற்றைய மழையில் கார்க்காரர் தொப்பலாக நனைந்து வந்தார். "யோவ், சீட்டுல மீன் வளர்க்கவா உங்கிட்ட குடுத்தேன்?" என்று ஜாக்கிக் கம்பியால் கண்ணாடி அலமாரியை நொறுக்கினார். "எவன்டா கிரீஸ் தடவினது?"

நான் வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நான்தான்."

கம்பி மாமாவின் நெற்றியைக் கிழித்துத் தோளில் இறங்கியது. ரத்தம் கண்ணை மறைத்தது. கார்க்காரர் மறுபடி ஓங்கியபோது பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன். தோல் கிழியும்வரை விடவில்லை. கம்பி விழுந்ததும், "தடவினது நான்" என்றேன். அவர் என் பள்ளிச் சீருடையைப் பார்த்தார்; அதில் தெறித்திருந்த ரத்தத்தையும் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

தையல் போடும்போது மாமா சிரித்தார். "உங்கம்மா கடிச்ச தழும்பு இன்னும் என் முதுகுல இருக்கு. வம்சத்துக்கே பல்லுதான் ஆயுதம்!"

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ரப்பர் துடைக்க உங்கள் பழைய நூல் புடவைகள் இரண்டு அனுப்புங்கள். ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். அது ரப்பருக்கு இல்லை.

மாமாவால் கையைத் தூக்க முடியவில்லை, சட்டை மாட்டிவிடக் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்