முந்நூற்றுப் பதினோராம் சுற்று

கரகண்டா
நவம்பர் 16

அன்புள்ள தம்பி குவானிஷுக்கு,

அக்கா ரௌஷான் எழுதுவது. கனடாவில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி என் கோபத்தைக் கேள்.

ஞாயிறு மதியம் நீ மெயிலில் அனுப்பிய ஃபைலைத் திறந்தேன். நம் விண்வெளிப் போர் ஆட்டத்துக்காகவே வைத்திருக்கும் பழைய கணினி, வழக்கம்போல முனகிக்கொண்டு எழுந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் சுற்று. என் வேவுக்கப்பல் உன் தலைநகர்க் கோளைக் காட்டியது. அங்கே நின்ற பதினோரு போர்க்கப்பல்களில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் ஆளே இல்லாத ஒரு மூலை நட்சத்திரத்துக்கு அனுப்பியிருக்கிறாய். சரி, ஏதோ சூழ்ச்சி என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், தரையிலிருந்த ஏவுகணைத் தளத்தையும் நீயே இடித்துப் போட்டிருக்கிறாய்! சூழ்ச்சி செய்கிறவன் தன் வீட்டுக் கதவைக் கழற்றிக் கொடுப்பானா?

உன் மச்சான் பொலாத் தேநீரோடு என் பின்னால் நின்றிருந்தார். "புடிச்சுக்கயேன் ரௌஷான். ஜெயிச்சோம்னு சந்தோஷமா இருந்துட்டுப் போயேன்" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகம் போன போக்கிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிடித்து உலுக்கிக் கேட்டேன். "அவன் கேட்டான், சொன்னேன். கூடப் பொறந்தவன்கிட்ட எத்தனை நாளைக்கு மறைக்கிறது?" என்கிறார். இரண்டு நாளாக அவரோடு நான் பேசவில்லை.

நீ ஊரைவிட்டுப் போன வாரம் தொடங்கிய ஆட்டம் இது. ஆறு வருடமாக, வாரத்துக்கு ஒரு சுற்று. எனக்குக் கால் முறிந்தபோது நீ இரக்கம் காட்டினாயா? போன நௌரிஸ் பண்டிகையன்று என் ஆறு கோள்களைக் குண்டு போட்டு அழித்துவிட்டு, "அக்கா, பவுர்சாக் நல்லாப் பொரிச்சியா? உன் ஆறு கோளையும் நான் பொரிச்சுட்டேன்" என்று எழுதினாய். அந்த வாரம் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே பள்ளியில் பாடம் எடுத்தேன். அவ்வளவு உற்சாகமாக நான் இயற்பியல் நடத்தியதே இல்லை.

மூன்றாவது தடவை கீமோ மருந்து ஏற்றியாயிற்று. குமட்டல் இருக்கிறது. பள்ளிக்கு விடுப்பு. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் பேசுகிறார்கள். எதிர்வீட்டுக்காரி குதிரை இறைச்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறையிலேயே அழுதுவிட்டுப் போகிறாள். போன மாதம்வரை வாசலில் வண்டி நிறுத்தச் சண்டை போட்டவள் அவள்! இந்த உலகத்தில் என்னை எதிரியாக மதிக்க நீ ஒருவனாவது மிச்சம் இருக்கிறாய் என்று இருந்தேன். நீயும் இப்படிச் செய்துவிட்டாய்.

இன்னொன்றும் கேட்கிறேன். முன்பெல்லாம் நான் ஆடி அனுப்பினால் உன் பதிலுக்கு ஒரு வாரம் காத்திருப்பேன். இப்போது ஒரு மணி நேரத்தில் வந்து விழுகிறது. எதற்கு இந்த அவசரம்? யாருக்கு?

உன் தலைநகரை நான் தொடவில்லை. நீ அனுப்பிய ஃபைலை அழித்துவிட்டேன். முந்நூற்றுப் பதினோராம் சுற்றை இதோடு இணைத்திருக்கிறேன். அதிலிருந்து மறுபடி ஆடு. மேற்கு எல்லையில் என் கோள்கள் மூன்று காவல் இல்லாமல் கிடக்கின்றன, உனக்கே தெரியும். வந்து அடி. அடித்துவிட்டு, பழையபடி ஏதாவது கேலி எழுது.

நானூறாவது சுற்றில் உன் தலைநகரை நானே வந்து பிடிப்பேன். அதுவரை வாரத்துக்கு ஒரு சுற்றுதான். வேகமாக ஆடிவிடாதே, குவானிஷ்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீ நன்றாக இரு.

கோபம் தணியாத,
அக்கா ரௌஷான்