தாராளமாக ஓடும் என்று சொன்ன வாய்

மாமா,

உங்கள் கம்ப்யூட்டர் இப்போது பிலிமத்தலாவையில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாவலப்பிட்டி வீட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருக்கிற ஃபேன் கரகரவென்று சுற்றி, சூடேறிய தூசியின் வாசனை எழும்பியது. உங்கள் முன்னறையில் மாலை நேரங்களில் வருமே, அதே வாசனை. உங்கள் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "அப்பா ரூம் மாதிரியே மணக்குது" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு நான் செய்யாமல் விட்ட வேலையை முதலில் செய்தேன். மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, இந்தக் கம்ப்யூட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். விமானம் ஓட்டிப் பழகும் உங்கள் சிமியுலேட்டர் வந்த பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அது ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்று பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அதில் கேட்டிருக்கும் மெமரியில் பாதிதான் இதில் இருக்கிறது. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம் வேண்டுமாம். இதில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது, பக்கத்தில் வைத்திருந்த டீ இன்னும் ஆறவில்லை.

உங்கள் வீட்டுக்கு நான் மருமகனாக வந்த நாளிலிருந்தே 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' என்றுதான் பெயர். கண்டியில் ஓர் அலுவலகத்தில் பெயரும் இலக்கமும் தட்டச்சு செய்கிறவன் நான். அதை நீங்கள் ஊரில் எப்படிச் சொல்லி வைத்திருந்தீர்களோ தெரியாது, நான் வந்தால் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பழுதான போன்கள் வரிசையில் வந்துவிடும். நான் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். பாதி சரியாகிவிடும். சரியாகாத பாதியை, "இது சாமான் சரியில்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஃபேனுக்குக் கீழே இருக்கிற கதிரை எனக்கு, மீன் குழம்பில் பெரிய துண்டு எனக்கு. "மாப்புள்ள சொல்லிட்டாரு" என்று நீங்கள் ஒரு தடவை சொன்னால், அந்த வீட்டில் அதற்குமேல் பேச்சில்லை. இத்தனை மரியாதைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்கு வாய் வரவேயில்லை.

அந்தக் கம்ப்யூட்டர்கூட நான் கொடுத்ததுதானே. எங்கள் அலுவலகத்தில் கழித்துப் போட்டதை வாங்கி, துடைத்து, தீபாவளிக்குக் கொண்டுவந்து வைத்தேன். "இனி உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல மாமா" என்று பீற்றிக்கொண்டேன். நீங்கள் அதற்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, மாமியிடம் சொல்லி ஒரு துணி உறையும் தைத்துப் போட்டீர்கள்.

ஆட்களை ஏற்றி ஹயருக்கு வேன் ஓட்டிய காலமெல்லாம் உங்களுக்கு விமானம் என்றால் ஒரு கிறுக்கு. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆளை ஏற்றிப் போனால், இறக்கிவிட்டுத் திரும்பி வராமல் வேலி ஓரம் நின்று, ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள். அது தெரிந்துதான் உங்கள் சின்ன மகள் கட்டாரிலிருந்து அந்த ரிமோட் விமானத்தை அனுப்பினாள். மஞ்சள் இறக்கை, ஒரு கை நீளம், ஊதினால் பறந்துவிடும் போல அவ்வளவு லேசு. அதோடு சிமியுலேட்டரையும் அனுப்பியிருந்தாள். அதே மாதிரி ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் செருகி, திரையில் தெரிகிற விமானத்தை ஓட்டிக் கை பழகிக்கொள்ளலாம். திரையில் விழுந்தால் ஒன்றும் உடையாது. கை பழகிய பிறகுதான் நிஜ விமானத்தைத் தொட வேண்டும் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"மாப்புள்ள, நம்ம கம்ப்யூட்டர்ல இது ஓடுமா? ஓடாதுன்னா சொல்லுங்க, அவசரமில்ல" என்று பெட்டியை என்னிடம் நீட்டினீர்கள்.

நான் வாங்கினேன். பொடி எழுத்தின்மேல் கண்ணை ஓட்டினேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதி எனக்குச் சாதகமாக இல்லை. ஓடாது என்றால், நான் கொடுத்தது ஓட்டைப் பெட்டி என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். மாமி வேறு வடைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "ஓடும் மாமா. தாராளமா ஓடும்" என்றேன். நீங்கள் மாமியைத் திரும்பிப் பார்த்து, "சொன்னேன்ல" என்றீர்கள்.

பொங்கலுக்கு வந்தபோது உங்கள் பின்னால் நின்று பார்த்தேன். ரிமோட்டை இடதுபக்கம் தள்ளுகிறீர்கள். திரையில் விமானம் நேராகப் போகிறது, ஒரு கணம் அப்படியே நிற்கிறது, பிறகு வெடுக்கென்று இடதுபக்கம் குதிக்கிறது. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்குச் சக்தி போதவில்லை, உங்கள் கை சொன்னதை அது தாமதமாகக் காட்டுகிறது.

"திருப்பினா ஒடனே திரும்ப மாட்டேங்குது மாப்புள்ள. கொஞ்சம் முன்னுக்கே, கொஞ்சம் கூடுதலா குடுக்கணும் போல. வயசாயிருச்சில்ல, கை லேட்டாகுது" என்றீர்கள்.

என் அலுவலக லெப்டொப் பையில்தான் இருந்தது. எடுத்து அதில் போட்டுக் காட்டியிருந்தால், உங்கள் கையில் ஒரு பிழையும் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். என் பெட்டியின் லட்சணமும் தெரிந்திருக்கும். அதனால், "பழகப் பழக சரியாயிரும் மாமா" என்றேன். மாமா, 'தாராளமா ஓடும்' என்றதுகூட அறியாமையில் சொன்னது என்று சொல்லித் தப்பலாம். இந்த வார்த்தைக்கு அந்த வழியும் இல்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

நீங்களும் பழகினீர்கள், என்னைப் பெரிய ஆளாக நம்பி. விமானம் சாய்வதற்கு முன்பே திருப்பவும், தேவைக்கு இரண்டு மடங்கு தள்ளவும் உங்கள் விரல்கள் படித்துக்கொண்டன. ஒரு பிழையை இவ்வளவு சிரத்தையாகக் கற்றுக்கொண்டவர் உங்களைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்.

சித்திரை விடுமுறைக்குத் தேயிலைத் தோட்டத்துக் கிரவுண்டில் எல்லோரும் கூடினோம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தீர்கள். விமானத்தை நான்தான் கையில் பிடித்து எறிந்தேன். அழகாக ஏறியது, மாமி கைதட்டினார். மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து அதைக் கொஞ்சம் சாய்த்தது. நீங்கள் திரையில் பழகியபடியே மறுபக்கம் நிறையத் தள்ளினீர்கள். நிஜ விமானம் சொன்னவுடன் கேட்டது. அப்படியே தலைகீழாகப் புரண்டு, தேயிலைக்குள் போய் விழுந்தது. இறக்கை ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம்.

யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் ரிமோட்டை மாமியிடம் கொடுத்துவிட்டு, என் முகம் வாடியதைப் பார்த்து என்னைத் தேற்றினீர்கள். "நீங்க என்னத்துக்கு மொகத்த அப்பிடி வச்சிருக்கீங்க? உங்க கம்ப்யூட்டர் நல்லாத்தான் சொல்லிக் குடுத்துச்சி. எங் கைதான் கேக்கல." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

விமானத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். அடுத்த வாரமே வேனை விற்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டீர்கள். "கண்ணு பாக்குறத கை செய்ய நேரமெடுக்குது. ஆளுங்கள ஏத்திக்கிட்டு இந்த வளைவுல எல்லாம் ஓட்டுறது பாவம்" என்று போனில் சொன்னீர்கள். அந்த வளைவுகளில் உங்கள் வேன் ஒரு தடவைகூட யார்மீதும் உரசியதில்லை. குடும்பமே அதை நல்ல முடிவு என்றது. நானும் சொன்னேன், "நல்ல முடிவு மாமா" என்று. அதன்பிறகு எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் வந்தீர்கள். டிரைவருக்குப் பின் சீட்டைத்தான் பிடிப்பீர்களாம். கம்பளை தாண்டி வளைவு வந்தால் அப்பாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது என்று உங்கள் மகள் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். எல்லாம் ஒரே பகலில் முடிந்துவிட்டது.

போன ஞாயிறு மாமி முன்னறையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தப் பொட்டிய பக்கத்து வீட்டு டீச்சர் கேக்குறாங்க. குடுக்கவா? நல்லா ஓடும்தானே?" என்று கேட்டார். திரும்பவும் அதே கேள்வி, அதே கதிரையில் நான். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"எழுத்து வேலைக்கு ஓடும் மாமி. மாமாவோட பிளேனுக்கு இது பத்தல. அன்னைக்கே பத்தல. நான் பாக்காம சொல்லிட்டேன்."

"பத்தலன்னா?"

"மாமா சரியாத்தான் திருப்பினாரு. இதுதான் லேட்டா காட்டிச்சி. அதப் பாத்துப் பழகித்தான் கிரவுண்ட்ல பிளேன் விழுந்துச்சி. எனக்குப் பொங்கலுக்கே தெரியும்."

மாமி கையிலிருந்த துணி உறையை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததை விரித்து மறுபடியும் மடித்தார்.

"அப்ப அவரு கையில ஒண்ணுமில்லயா தம்பி?"

"ஒண்ணுமில்ல மாமி."

"வேன வித்ததுலேருந்து டீக் கோப்பயக்கூட ரெண்டு கையாலதான் புடிப்பாரு. ஒத்தக் கைய நம்ப முடியலன்னு சொல்லுவாரு" என்றார். மடித்த உறையை மேசையில் வைத்துவிட்டு, "அவருகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். பெரிய மீன் துண்டையே வைத்தார்.

டீச்சருக்கு வேறு ஏற்பாடு செய்வதாகச் சொல்லி, பெட்டியை நான் தூக்கிவந்துவிட்டேன். உங்கள் மகளுக்கு இன்னும் தெரியாது. அடுப்படியில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். இதை எழுதி முடித்ததும் எழுந்து போய் அவளிடம் சொல்லப்போகிறேன். அவள் என்ன சொல்லித் திட்டினாலும் அதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்களிடம் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லவில்லை. உங்கள் கை கடைசிவரைக்கும் நல்ல கை, மாமா. நீங்கள் வேனை ஓட்டியிருக்கலாம்.