மூன்று புறுயேர்ச் சட்டிகள்

லா சப்பல்
4.11.2014

என் அன்புத் தங்கச்சி நிரோவுக்கு,

புது வீட்டுக் குடிபூரல் களைப்புத் தீர்ந்ததா? ஐந்து மாத வயிற்றோடு ஓடித் திரியாதே. உன் மனிசன் பிருந்தாபனுக்கும் கைகால் இருக்குத்தானே.

போனில் சொன்னால் மறந்துபோவாய், அதுதான் எழுதுகிறேன். நான் அன்று கொண்டுவந்த மூன்று புறுயேர்ப் பூச்செடியையும் பின்வளவில் நட்டுவிடு. குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு, ஊற்றாதே. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்று. சிவப்பு இந்த மாதத்தோடு பூத்து முடிந்துவிடும். ரோஸ் நிறம் பனிக்குள்ளும் பூக்குமாம். மூன்றாவது வெறும் பச்சையாய் நிற்கிறதென்று முகத்தைச் சுளிக்காதே. அது ஆளுயரம் வளர்ந்து பங்குனியில் வெள்ளையாய்ப் பூக்கும். உன் பிள்ளை பிறக்கிற மாதம்! பெட்டைப் பிள்ளை என்றால் பெயர் நிருபா, மறக்காதே.

செடி விற்ற கடைக்காரன் என் தோளைத் தொட்டு "கூராஜ், மடாம்" என்றான். மூன்று பூச்சட்டியையும் தனியே தூக்கிப்போகிறேன் என்று பாவப்பட்டான் போல. நல்ல மனிசன்.

உன்மேல் உயிரான
ரூபி அக்கா


ஆர்ஜொந்தெய்
29.1.2015

அக்காவுக்கு,

போன் எடுக்கவில்லை என்று வாசலுக்கு வந்து நிற்க வேண்டாம்.

குடிபூரலன்று பக்கத்து வீட்டுப் பியட்றிஸ் உங்கள் சட்டிகளைப் பார்த்துவிட்டு, "உங்கடை வீட்டிலை ஆர் செத்தது?" என்று கேட்டா. நான் சிரித்தேன். இங்கே அது நவம்பர் முதலாம் திகதி, செத்தவரை நினைக்கிற துசானன்று, சவக்காலைக்குக் கொண்டுபோகிற பூவாம். உங்கள் மனம் நோகும் என்று அன்று உங்களிடம் சொல்லவில்லை.

இப்போது பிள்ளை இல்லை. ஏழாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டது. பெட்டைதான்.

இருபது வருசமாய் இங்கே இருக்கிற உங்களுக்கு இது தெரியாதா? உங்கள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்ற எரிச்சலா? மாமி அப்படித்தான் சொல்கிறா. நானும் நம்புகிறேன். மூன்றையும் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

நிரோஜினி


லா சப்பல்
3.2.2015

நிரோ, என்ரை குஞ்சு,

ஒருதரம் வாசித்துப்போட்டுக் கிழி.

எனக்குத் தெரியாதடி. இருபது வருசமும் விடிய ஐந்து மணிக்குக் கந்தோர் கூட்டித் துடைக்கத்தான் போய்வந்தேன். எந்த வெள்ளைக்காரர் செத்தவீட்டுக்கு நான் போனேன்? துசான் லீவு என்றார்கள், பெருநாள் என்று நினைத்தேன். சனம் இரண்டு கையிலும் பூச்சட்டி தூக்கிக்கொண்டு போனது. நல்லநாளுக்குத்தானே என்று நானும் வரிசையில் நின்றேன். என்னோடு வேலை செய்கிற லூசியாவிடம் நேற்றுக் கேட்டேன். "கூராஜ்" என்பது செத்தவீட்டுக்காரருக்கு மனத்தைத் தேற்றச் சொல்வதாம். அந்த மனிசன் என்னிடம் துக்கம் விசாரித்திருக்கிறான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு "மெர்சி" என்றிருக்கிறேன்.

எரிச்சல் என்று மட்டும் சொல்லாதே, அம்மாளாச்சி அறிய. அவளுக்கு மூன்று சட்டை தைத்து வைத்திருக்கிறேன். அதுகளை நான் என்ன செய்ய?

ரூபி அக்கா


ஆர்ஜொந்தெய்
27.10.2018

அன்பு அக்கா,

மூன்று வருசத்துக்கும் மேலாய் உங்கள் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. கிழிக்கவும் இல்லை.

மூன்றையும் பிடுங்கினேன் என்றது பொய். மூன்றாவது வேரோடு வரவில்லை. கை சோர்ந்து மதிலடியில் அப்படியே விட்டுவிட்டேன். இப்போது அது என் உயரம். பங்குனிக்குப் பங்குனி பூக்கிறது.

பியட்றிஸ் தன் மனிசனின் கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறா. எங்கள் பிள்ளையை ஆசுப்பத்திரிக்காரரே தகனம் செய்துவிட்டார்கள், எனக்குப் போக ஓரிடமும் இல்லை. அந்த மதிலடிதான். அவளைப் பற்றிப் பேசினால் பிருந்தாபன் எழும்பிப் போய்விடுகிறார். வேறு பிள்ளையும் வரவில்லை. அவளை நினைக்க என்னோடு நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள், உங்களையும் நானே துரத்திவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கோ அக்கா.

வியாழக்கிழமை துசான். வாருங்கள். அந்தச் சட்டைகளையும் கொண்டுவாருங்கள். பனிக்குள் பூக்கிற ரோஸ் புறுயேர் ஒன்றும் வாங்குங்கள். கடைக்காரன் "கூராஜ்" சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், அது எங்களுக்குத்தான்.

ஆர் செத்தது என்று பியட்றிஸ் இம்முறையும் கேட்டால் நான் சிரிக்கமாட்டேன். நிருபா என்று சொல்லுவேன்.

உங்கள்
நிரோ